புடவை முடியும்வரை இரவல்

இக்கட்டுரையில் நான் உறுதிசெய்துகொண்ட செய்திகளை மட்டுமே எழுதப்போகிறேன். உறுதி என்று நான் கொள்பவை இரண்டு வகை. ஒன்று, என் கண்ணாலும் காதாலும் நேரில் அறிந்தவை. மற்றொன்று, உடனிருந்தவரிடம் பின்னர்க் கேட்டு, அவர் மறுக்காதவை. ஒரு பட்டுத்தறி, நூலகத்திலிருந்து இரவல் வந்த ஒரு காதல் நாவல், இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட நான் ஆகிய மூன்றையும் பற்றிச் சென்ற மழைக்காலம் முதலாக ஆரணியில் பல கதைகள் உலவுகின்றன. கோட்டை மைதானத்தில் காலை நடை வருவோரிடம் உள்ள கதையில் நான் தேம்பி அழுகிறேன். தேநீர்க் கடையில் சொல்லப்படும் கதையில் நூலகத்துக்குள்ளேயே அழுகிறேன். பேருந்து நிலையத்தை அடுத்த முடிதிருத்தகத்திலோ, பெண் பெயரில் மாத நாவல் எழுதுபவரே நான்தான் என்று முடிவுசெய்திருக்கிறார்கள். பணிக்காலம் முழுவதும் பிறர் எழுதியவற்றில் பிழை திருத்தியே வாழ்ந்த தமிழாசிரியன் ஒருவன், தன்னைப் பற்றிய பிழையை மட்டும் திருத்தாமல் விடுவது முறையன்று. ஆதலின் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். அதற்கு அப்பால் கைத்தறி ஒன்று ஓடுகிறது. அவ்வீட்டில் கணவரும் மனைவியும் நெசவாளர்கள். பாவு எனப்படும் நெடுக்கிழைகளைப் பிணைப்பது, சரிகை வாங்கி வருவது, முதலாளியிடம் பேசுவது ஆகியவை கணவர் பொறுப்பு. தறியில் அமர்ந்து நெய்பவர் மனைவி. எங்கள் தெருவில் அவர் கைக்கு ஈடான கை இல்லை என்பதை அவருடைய ஓரகத்தியே ஒப்புக்கொண்டிருக்கிறார். இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை என்று கருதுகிறேன்.

அந்த அம்மையாருக்குக் கதை என்றால் உயிர். ஆனால் தறியில் இருப்பவருக்குக் கண் இழையை விட்டு நகரக் கூடாது. தொலைக்காட்சித் தொடர் பார்க்க வழியில்லை. கைப்பேசியில் யாரோ கதை படிக்கும் ஒலிப்பதிவு கிடைக்கிறதே என்று அவருடைய மகள் ஒருமுறை போட்டுக் கொடுத்தாளாம். அது ஒத்துவரவில்லை. காரணத்தை அவரே என் துணைவியாரிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"இழை அறுந்துபோச்சுன்னா நான் குனிஞ்சி முடிச்சு போடணும் டீச்சர். அது பாட்டுக்குப் பேசிகினே போவுது. நான் நிமிந்து பாத்தா இவங்களுக்கு கல்யாணமே ஆயிட்டிருக்குது. யாரு பண்ணி வெச்சாங்கன்னே தெரில."

இழை அறுந்தால் நிறுத்தக்கூடிய வாசகர் ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் துணைவியார் அவ்விடத்தை நிரப்பினார். பிற்பகல்தோறும் கிளை நூலகத்து நாவலொன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார், தறிக்கு அருகே நாற்காலி போட்டுக்கொள்வார், படிப்பார். இழை அறுந்தால் நிறுத்துவார். முடிச்சு விழுந்ததும், "ஆச்சா?" என்பார். "ஆச்சு, சொல்லுங்க" என்று விடை வரும். தறியும் கதையும் மறுபடி ஓடும்.

அவர் படிக்கும் முறையைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நரியாகவும் காகமாகவும் பேசிப் பழகியவர் அவர். நாயகன் பேசுமிடத்தில் குரலைத் தாழ்த்துவார். நாயகி பேசுமுன் ஒரு மூச்சை இழுத்து நிறுத்துவார். பொல்லாத அத்தை பேசத் தொடங்கினால், திண்டில் உறங்கும் பூனை எழுந்து வெளியே போய்விடும். எதிர்வீட்டில் மின்தறிகள் ஓடுகின்றன. கதை சூடுபிடிக்கும் வேளையில் அவை நின்றுவிடும். "கரண்டு போயிடுச்சு டீச்சர், நீங்க படிங்க" என்பார் அவ்வீட்டுக்காரர். அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும்.

இத்தகைய நாவல்களைப் பற்றி எனக்கொரு கருத்து உண்டு. நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் அதைக் கூறியும் இருக்கிறேன். நுழைந்தவுடன் கண்ணில் படும் அடுக்கில் காதல் நாவல்களையும், ஏணி வைத்து எட்ட வேண்டிய அடுக்கில் உரைநூல்களையும் வைத்திருப்பது முறையா என்று கேட்டேன். நூலகர் அம்மையார் நான் கேட்டதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரமே அந்த ஏணியைப் பழுது பார்க்க அனுப்பிவிட்டார்கள். அவ்வளவில் அது நின்றது.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

அந்த மழைக்காலத்தில் படிக்கப்பட்ட நாவலின் பெயரைக் கூறப்போவதில்லை. மலைத்தோட்டத்து மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவன். அங்கே கணக்கெழுத வந்த ஒரு பெண். இருவரையும் பிரிப்பதற்கென்றே பிறந்தவளாக ஓர் அத்தை. இவ்வளவு தெரிந்தால் போதும். நாவல் பாதி நடந்திருந்தபோது, தறியில் ஓடிய பாவின் முதற்புடவை முடிந்தது. அதைப் பார்க்க முதலாளி வந்தார். பாவும் பட்டும் கொடுத்து நெய்யச் சொல்லிப் புடவையாக வாங்கிக்கொள்ளும் வணிகர் அவர், நல்ல மனிதர், புடவையைப் பார்க்கும்போது மட்டும் எவருக்கும் உறவினர் அல்லர்.

புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து, ஒரு முனையைக் கணவரான நெசவாளர் பிடிக்க, மறுமுனையைத் தாம் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்தினார். நானும் என் துணைவியாரும் எங்கள் வாயிற்படியில் நின்றிருந்தோம். எனக்கே அது தெரிந்தது. ஓரிடத்தில் துணி இறுகிக் கருத்தும், அடுத்த இடத்தில் தளர்ந்து வெளுத்தும், மறுபடி இறுகியும் இருந்தது.

"இன்னாம்மா இது, வரிக்குதிர மாதிரி?" என்றார் முதலாளி.

"மழை ஈரங்க. பட்டு ஈரத்தக் குடிச்சிகினு இருக்குது" என்றார் கணவர்.

"ஈரம் குடிச்சா பூரா குடிக்கணும். இந்த ரெண்டு சாண் எடத்துக்கு மட்டும் தாகமா?"

நெய்த அம்மையார் இறுகிய பட்டையொன்றின்மீது விரலை வைத்துத் தடவினார். பிறகு, தாழ்ந்த குரலில், "இங்கதாங்க அத்தை பொய் சொன்னா" என்றார்.

"எந்த அத்தை? உங்க வூட்டுக்காரரு அக்காவா?"

"அவங்க இல்லீங்க. கதையில வர்ற அத்தை."

முதலாளி என் துணைவியாரைப் பார்த்தார். என் துணைவியார் கையிலிருந்த நாவலை முதுகுக்குப் பின்னே கொண்டுபோனார்.

குறுக்கே செல்லும் ஊடை இழை ஓடிய பின் அதை நெருக்கி அடிப்பது பலகை. அந்தப் பலகையை இழுப்பது நெய்பவரின் கை. கை எப்படியோ அடி அப்படி. அடி எப்படியோ துணி அப்படி. அத்தை பொய் சொன்னபோது அந்த அம்மையாரின் கை சினத்தால் ஓங்கி அடித்திருக்கிறது. இப்போது அவர் விரல் புடவையின்மேல் நகர நகர, பாதி நாவல் அப்படியே வெளிவந்தது.

"இது?" என்று வெளுத்த இடமொன்றைக் காட்டினார் முதலாளி.

"அது அந்த டாக்டர் பையன் ஜுரத்துல படுத்துகினு இருந்தானே, அப்போங்க. கையே ஓடல எனக்கு."

"டாக்டருன்னு சொன்ன?"

"டாக்டருக்கு ஜுரம் வராதாங்க?"

"இங்க மறுபடி இறுகியிருக்குதே?"

"அத்தை மறுபடி வந்தாங்க."

முதலாளி புடவையை மடித்தார். மடிக்கும்போது அவர் சிரிக்கவில்லை. "நான் பொடவை கேட்டேன். நீ எனக்கு கதைய நெய்து குடுத்திருக்க. இதே பாவுல அடுத்தது இன்னா பொடவைன்னு தெரியுமில்ல?"

எல்லோருக்கும் தெரியும். தையில் அவருடைய மகளுக்குத் திருமணம். அடுத்தது முகூர்த்தப் புடவை. அதற்கென்றே அரக்கில் ஊடைப்பட்டு சாயம் ஏறி வந்து, தயாராகக் காத்திருந்தது.

"பாதிப் பாவ அவுத்துகினு வேற தறிக்குப் போவ முடியாது. அதனால உன் கையிலதான் அது ஆவணும். அதுவும் இப்டி வந்துச்சுன்னு வையி, அதுக்கு அப்புறம் இந்தத் தறிக்கு என்கிட்டேருந்து பாவு கெடையாது. கதைய நிறுத்துங்க."

அந்த வீட்டுக்கு வேறு முதலாளி இல்லை; வேறு வருவாயும் இல்லை. முகூர்த்தப் புடவை ஒழுங்காக வந்தாக வேண்டும், இல்லையேல் தறி நின்றுவிடும். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அன்றைக்கே கதை நிறுத்தப்பட்டது.

நின்றது கதை மட்டுமன்று. முந்தியை, அதாவது முந்தானையை, நெய்யத் தொடங்கிய அந்த அம்மையார், நாலு இழை ஓட்டுவார். பலகையை விட்டுவிட்டு அமர்ந்திருப்பார். சுவரின் இப்பால் இருந்த எனக்கு அந்த அமைதி நன்றாகக் கேட்டது. பிறகு, ஊடையைச் சுமந்தோடும் நாடாவின் முனையால் சுவரைத் தட்டும் ஓசை வரும்.

"டீச்சர். அத்தை காட்டுன அந்த போட்டோவுல இருந்த பொண்ணு யாருன்னு மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"எனக்கு எப்டிம்மா தெரியும்? நானும் அங்கதான் நிறுத்தியிருக்கேன்."

"ஒரு பக்கம் தாண்டிப் பாக்கக்கூடாதா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சத நான் மட்டும் எப்டி படிப்பேன்? நல்லாவா இருக்கும்?"

என் துணைவியாரின் நேர்மையில் எனக்கு என்றும் ஐயம் இருந்ததில்லை. எனினும், அந்நாள்களில் அவர் நாவலை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, அதற்கு நேர் கீழே அமர்ந்து காய் நறுக்கினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

முந்தி தட்டுத்தடுமாறி முடிந்தது. உடல் தொடங்கியது, தறி நிற்பதும் ஓடுவதுமாகவே இருந்தது. தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை நெசவாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் பள்ளியில் என்னிடம் படித்தவர். அமரச் சொன்னேன், அமரவில்லை.

"ஐயா, கதை இல்லன்னா தறி ஓட மாட்டேங்குது. டீச்சர் படிச்சா பொடவ கெட்டுப்போவுது. ஒரே பேஜாரா இருக்குது. யோசன பண்ணி பாத்தேன். நீங்க வந்து படிச்சி குடுங்க."

"நானா?"

"நீங்கதாங்க ஐயா. எங்களுக்கு பத்தாவது வரிக்கும் தமிழ் எடுத்தீங்க. யுத்தம் நடந்தாலும் ஒரே மாதிரி படிப்பீங்க. தாலாட்டு வந்தாலும் அதே மாதிரி படிப்பீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவாது. உங்க கொரலு அப்டி."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. என் துணைவியார் அதை எடுக்க நெடுநேரம் ஆயிற்று. நெசவாளர் கூறியது பாராட்டே என்பதைப் பின்னர் அவரிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

மறுப்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றும் அந்தத் தறி நிற்பதைவிடப் பெரியதாகத் தோன்றவில்லை. ஆனால் ஒரு தடை இருந்தது: நாவலைத் திருப்பித் தர வேண்டிய நாள் கடந்துகொண்டிருந்தது. அதை என் துணைவியார் ஏற்கெனவே தம் அட்டையில் நீட்டித்திருந்தார். இனி நீட்டிக்க இயலாது. என் அட்டையில்தான் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன்.

நூலகங்களில் மாத நாவல்களை இரண்டு மூன்றாகச் சேர்த்துத் தடித்த அட்டையிட்டுப் பழுப்புத் துணியால் கட்டிவிடுவார்கள். மேலட்டைப் படமெல்லாம் அதற்குள் மறைந்துபோகும். எந்த உரைநூலும் வெளியிலிருந்து பார்க்க அவ்வாறே இருக்கும். ஆகவே தெருவில் எனக்கு இடர் எதுவும் நேரவில்லை. நூலகர் அம்மையார் மட்டும் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க பேர்லயாங்க ஐயா?"

"என் பெயரில்தான்."

"இது வேற ஒருத்தவங்க கேட்டுகினு இருக்காங்க. எப்ப திருப்பிக் குடுப்பீங்க?"

"புடவை முடிந்ததும்."

விளக்க வேண்டியதாயிற்று. நான் விளக்கி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. அவர் பிறந்த வீட்டிலும் தறி இருந்தது போலும். முடிவில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"முந்தி ஆயிடுச்சா?"

"ஆகிவிட்டது. உடல் ஓடுகிறது."

"அப்ப சரி. பொடவைய தறியிலேருந்து அறுத்ததும் கொண்டாந்து குடுங்க. கேக்கறவங்ககிட்ட புக்கு தறியில இருக்குதுன்னு சொல்லிக்கறேன்."

நான் வெளியே வரும்போது, "ஏணி ரிப்பேர் ஆயி வந்துடுச்சுங்க ஐயா" என்றும் கூறினார். நான் நன்றி தெரிவித்தேன்.

மறுநாள் பிற்பகல் படிக்கத் தொடங்கினேன். என் துணைவியாரும் வந்து, பழம்புடவை ஒன்றுக்கு ஓரம் தைத்தபடி அமர்ந்துகொண்டார். எதிர்வீட்டு மின்தறிகள் நின்றன. "கரண்டு போயிடுச்சு" என்ற குரலும் வந்தது. நான் முதற்பக்கத்தை முடிப்பதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. மின்தறிகள் ஓடத் தொடங்கின. அதன் பிறகு நான் படித்த நாள்களில் அத்தெருவில் மின்தடை ஏற்படவேயில்லை.

நாவலின் நடையைப் பற்றி நான் அதிகம் கூற விரும்பவில்லை. ஒரே பத்தியில் நாயகியின் விழிகள் இருமுறை படபடத்தன. அவளுடைய இதயம் நின்றுவிட்டது. அடுத்த வரியில் அதே இதயம் வேகமாகத் துடித்தது. பிழையைக் கண்டு வாளாவிருப்பது எனக்கு இயலாத செயல். படித்துக்கொண்டே திருத்தினேன். சிறிது தொலைவு சென்றதும் தறி நின்றது.

"இழை அறுந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க ஐயா. டீச்சர் படிச்சப்போ அவன் 'ஐ லவ் யூ'ன்னு சொன்னான். இப்ப இன்னா, 'உன்பால் அன்புடையேன்'ங்கறான்? அவனுக்கு மறுபடி ஜுரமா?"

"எழுதியிருக்கிறத படிங்க" என்றார் என் துணைவியார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுதியிருப்பதைப் படிக்க உடன்பட்டேன். ஆயினும் சில இடங்களைக் கடந்து செல்வது நலம் என்று தோன்றியது. மருத்துவமனையின் பின்புறத் தோட்டத்தில் நாயகனும் நாயகியும் தனித்து நின்ற பகுதி அவற்றுள் ஒன்று. அவன் அவளை அணுகினான் என்று படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அவள் வீடு திரும்பினாள் என்று படித்தேன்.

"ஐயா. பக்கம் ஜல்தியா திரும்புது" என்றார் அந்த அம்மையார்.

"சிறிய பக்கம்."

"மத்த பக்கமெல்லாம் பெருசாதானே இருந்துச்சு. கிட்ட வந்தான், அவ வூட்டுக்குப் போயிட்டா. வந்தவன் சும்மாவா நின்னான்? எதையோ முழுங்கறீங்க."

என் துணைவியார் கையை நீட்டி நாவலை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தமக்குள் படித்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்து, "ஒண்ணும் தப்பா இல்ல. படிங்க" என்றார். படித்தேன். இலக்கண நூற்பாவைப் படிக்கும் அதே குரலில் படித்தேன். அணைத்தான் என்றிருந்த இடத்தில் அணைத்தான் என்றே படித்தேன். பலகை ஒரு சீராக விழுந்துகொண்டிருந்தது.

அந்திப்பொழுதில் நெசவாளர் வந்து, அன்றைக்கு நெய்த துணியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி வந்திருக்குது ஐயா" என்றார். தம் மனைவியிடம், "கதை புரிஞ்சிதா?" என்று கேட்டார்.

"புரிஞ்சிது. ஆனா யாரோ பக்கத்து ஊர்ல நடக்கிற மாதிரி இருக்குது" என்றார் அவர்.

இப்படியே நாள்கள் சென்றன. அத்தை மேலும் பல பொய்கள் சொன்னாள். நான் அவற்றை நிறுத்தற்குறிகளுக்கு உரிய இடைவெளி விட்டுப் படித்தேன். புடவை சமமாக வளர்ந்தது. இடையில் ஒருநாள் முதலாளி வந்தார். கதை நடப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார். நான் நிறுத்தினேன். அவர் உள்ளே வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார், ஒருமுறை, மறுமுறை. பிறகு, "நீங்க படிங்க சார். நான் சும்மா பாவு எவ்ளோ இருக்குதுன்னு பாக்க வந்தேன்" என்றார்.

பாவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. அவர் அதிகாரம் முடியும்வரை கதவில் சாய்ந்து நின்றார். நான் நாவலை மூடியதும், "அந்த அத்தை இன்னுமா அங்கியே இருக்கறா?" என்று கேட்டார்.

"இருக்காங்க" என்றார் நெய்பவர்.

"மொதல்ல அவள பஸ் ஏத்தி அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகூர்த்தப் புடவை முடிவதற்குச் சற்று முன்னர் நாவலும் முடிவை நெருங்கியது. இங்கிருந்து நான் மிகுந்த கவனத்துடன் எழுத வேண்டும். ஏனெனில் ஊரார் கதைகள் அனைத்தும் இவ்விடத்தில்தான் வழி தவறுகின்றன.

நாயகி, அத்தையின் சொல்லை நம்பி, மருத்துவனிடம் விடைபெறாமலேயே மலையை விட்டு இறங்கிவிடுகிறாள். அவன் அவளுடைய அலுவலறைக்கு வருகிறான். அங்கே யாரும் இல்லை. அவள் குடை மட்டும் சுவரில் சாய்ந்திருக்கிறது. இதுவரை எழுதியவர் தம் வழக்கம்போலவே எழுதியிருந்தார்; வானம் அழுதது; காற்று விம்மியது. அடுத்து ஒரு வாக்கியம் வந்தது. அதை நினைவிலிருந்தே தருகிறேன்: "அவள் விட்டுப்போன குடை நனைந்திருக்கவில்லை, ஆனாலும் அவன் அதை விரித்துக் காய வைத்தான்."

நான் நிறுத்தினேன்.

அந்த வாக்கியத்தில் மிகைச்சொல் ஒன்றும் இல்லை. அடைமொழி இல்லை. இதயம் நிற்கவுமில்லை, துடிக்கவுமில்லை. அதுவரை பக்கத்துக்குப் பக்கம் படபடத்துவந்த ஒருவர், இங்கே ஒரு வரியில் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார். நான் திருத்துவதற்கு அதில் எதுவும் இல்லை. பணிக்காலத்தில் நான் திருத்திய கட்டுரைகளுள் எதிலும் இத்தகைய வாக்கியத்தைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. நான் நிறுத்தியதற்குக் காரணம் இதுவே. தொண்டையும் சற்றுக் கரகரத்தது, அது மழைக்காலம். தண்ணீர் கேட்டேன், குடித்தேன். அந்த வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கையில் குரல் முதல் முறை போல் இருந்ததா என்று என்னால் உறுதிகூற இயலவில்லை. அதன் பிறகு அதிகாரம் முடியும்வரை படித்தேன்.

தறி நின்றதா? நிற்கவில்லை. இதை நெய்தவரிடம் கேட்டு உறுதிசெய்தேன். "எனக்கு நிறுத்தத் தோணலீங்க ஐயா. நிறுத்தியிருந்தா எழுந்து போயிருப்பேன்" என்றார்.

என் கண்கள் நனைந்திருந்தனவா? இதற்குச் சான்று கூறத் தக்கவர் என் துணைவியார் ஒருவரே. எனக்கு நேர் எதிரே அமர்ந்திருந்தவர். அவரிடம் கேட்டேன்.

"நான் அப்ப கண்ணாடி போடலீங்க" என்றார்.

அவர் அப்போது ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கவும் அவரால் முடியாது. இதற்குமேல் நான் ஆராயவில்லை.

நாவல் முடிந்தது. மருத்துவன் பேருந்து பிடித்துச் சென்று அவளைக் கண்டான். அவன் கையில் குடை இருந்தது. அத்தை மன்னிப்புக் கேட்டாள். "இவள யாரு மன்னிக்கச் சொன்னது" என்று முணுமுணுத்தபடியே நெய்பவர் கடைசி இழைகளை ஓட்டினார். ஆனால் கை ஓங்கவில்லை.

புடவையை அறுத்த அன்று முதலாளி வந்தார். முன்போலவே வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்கள். முந்தியிலிருந்து தொடங்கி, சாண் சாணாகத் தள்ளிக்கொண்டே பார்த்தார். அரக்குப் பட்டு ஒரே நிறமாக, ஒரே அடர்த்தியாக ஓடியது. நெசவாளர் மறுமுனையைப் பிடித்தபடி நின்றார். நெய்தவரோ தறிக்குழியிலிருந்து எழுந்து வரவேயில்லை, உள்ளேயே அமர்ந்திருந்தார்.

அந்த வீட்டில் முந்தியை முதலில் நெய்து, உள்ளே செருகும் முனையில் முடிப்பது வழக்கம். ஏறத்தாழ முனை வந்துவிட்டது. அங்கே முதலாளியின் விரல் நின்றது. ஒரு விரல் அகலத்துக்குத் துணி இறுகிக் கருத்திருந்தது. நானும் பார்த்தேன்.

முதலாளி அவ்விடத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். உள்நோக்கி, "இது இன்னா எடம்மா?" என்று கேட்டார்.

உள்ளிருந்து விடை வந்தது. "குடை எடங்க."

"குடையா? எந்தக் குடை? நான் கேட்டப்போ குடையே வரலியே."

"நீங்க போனதுக்கு அப்புறம் வந்துச்சுங்க. அவ சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டா. குடைய மறந்து வெச்சிட்டா. உள்ளதான் இருந்துச்சு, குடை நனையல. இவன் வந்து பாத்துட்டு, அத எடுத்து விரிச்சிக் காய வெக்கிறான்."

"நனையாத குடையவா?"

"ஆமாங்க."

முதலாளி புடவையைப் பிடித்தபடியே நின்றார். தெருவில் எதிர்வீட்டு மின்தறிகள் நின்றிருந்தன, மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அவருடைய மகள் தையில் புகுந்த வீட்டுக்குப் போகப்போகிறாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் அதைத்தான் நினைத்தாரா என்பதை நான் கேட்கவில்லை. அது கேட்கத் தகுந்த கேள்வியன்று.

"உள்ள செருவற எடந்தானே. யாரு பாக்கப் போறாங்க, இருக்கட்டும்" என்றார். புடவையை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது உங்க வேலையா சார், டீச்சர் வேலையா?"

"எழுதியவர் வேலை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தெருவில் இறங்கிய பிறகு திரும்பி நின்று நெசவாளரிடம், "பொங்கல் கழிஞ்சி பாவு வந்து வாங்கிக்க. ரெண்டு பாவு தரேன்" என்றார். நாலடி நடந்து மறுபடி நின்றார். "அதுக்கு இன்னா புக்குன்னு இப்பவே பாத்து வெச்சிடுங்க. அத்தை இல்லாத புக்கா பாருங்க."

அன்று மாலையே நாவலை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். நூலகர் அம்மையார் அதைக் கேட்டிருந்தவருக்கென எடுத்து வைத்தார். அடுத்த பாவுக்கு உரிய நாவலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் துணைவியார் ஏற்றுக்கொண்டார். படிக்கும் பொறுப்பு என்னிடமே உள்ளது. நுழைவாயில் அடுக்கைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அது ஏணியின்றி எட்டுவது வசதியாக இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

தெரியாதவை இவை. அந்த வாக்கியத்தை எழுதியவர், அதை எழுதியபோது அதன் அருமையை அறிந்திருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. முகூர்த்தத்தன்று மணப்பெண்ணின் இடுப்பில் அந்த விரலகல இடம் எங்கே அமைந்தது என்பதும், அவளுக்கு யாரேனும் அதைப் பற்றிச் சொன்னார்களா என்பதும் தெரியாது. குடைப் பகுதியைப் படித்த நேரத்தில்தான் நாடாவில் ஊடைநூல் சுற்றிய தாரைப் புதிதாக மாற்றியதாக நெசவாளர் கூறுகிறார். மாற்றவில்லை என்கிறார் அவர் மனைவி. அந்த இறுக்கம் தாரால் வந்ததா, கதையால் வந்ததா, என் குரலால் வந்ததா என்பது எனக்குத் தெரியாது.